மாசிடோனியர் என்பவர் யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசிடோனியா என்பது நாடா, நிலப்பகுதியா?

இரண்டும்தான். குழப்பம் தொடங்குவதே இங்கேதான். பால்கன் தீபகற்பத்தின் நடுவே, வர்தார் ஆற்றின் இருமருங்கிலும் மலையும் ஏரியும் சமவெளியுமாகப் பரந்து, தெற்கே ஏஜியன் கடலைத் தொடுகிற பெரிய நிலப்பரப்புக்கு மாசிடோனியா என்று பெயர். அதில் ஏறத்தாழப் பாதி இன்று கிரேக்கத்தின் வடபகுதி. பத்தில் ஒரு பங்கு பல்கேரியாவின் தென்மேற்கு மூலையில், பிரின் மலையைச் சுற்றி இருக்கிறது. ஒரு சிறு துண்டு அல்பேனியாவுக்குள் கிடக்கிறது. எஞ்சிய வர்தார் பகுதிதான் 1991இல் யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்து தனி நாடானது. 25,713 சதுர கிலோமீட்டர் பரப்பு, கடற்கரை கிடையாது, தலைநகர் ஸ்கோப்ஜே. 2019 பிப்ரவரியிலிருந்து அதன் அதிகாரபூர்வப் பெயர் வடக்கு மாசிடோனியா.

இந்தப் பக்கம் பெரும்பாலும் அந்த நாட்டின் பெரும்பான்மை மக்களைப் பற்றியது. ஸ்லாவிய மொழி பேசுகிறவர்கள், மரபுவழிக் கிறிஸ்தவர்கள், தங்களை மாசிடோனியர் என்றே அழைத்துக்கொள்கிறவர்கள். 'அப்படி ஓர் இனமே இல்லை' என்று அக்கம்பக்கத்து அரசுகள் அவர்களிடம் நூறாண்டுக்கு மேலாகச் சொல்லிவந்திருக்கின்றன.

போரஸ் மன்னனோடு போரிட்ட அலெக்சாண்டரின் வழித்தோன்றல்களா இவர்கள்?

நம்மில் பலருக்கு மாசிடோனியா என்றதும் பள்ளிப் பாடத்து அலெக்சாண்டர்தான் நினைவுக்கு வருவார். ஆனால் இன்றைய மாசிடோனியரின் மொழியும் சமயமும் பண்டைய மாசிடோன் அரசிலிருந்து வந்தவை அல்ல. அந்த அரசின் தலைநகரங்களான ஐகாயும் பெல்லாவும் இன்றைய கிரேக்கத்துக்குள் இருக்கின்றன. அலெக்சாண்டரின் தந்தை இரண்டாம் பிலிப் காலத்து அரச கல்லறைகளை 1977இல், பழைய ஐகாய் இருந்த வெர்ஜினா கிராமத்தில் அகழ்ந்தெடுத்தவர் கிரேக்கத் தொல்லியலாளர் மனோலிஸ் ஆந்த்ரோனிகோஸ். 1986இல் பெல்லாவில் கிடைத்த ஈயத் தகட்டுச் சாப எழுத்து ஒருவகைக் கிரேக்க வழக்கில் இருக்கிறது. பண்டைய மாசிடோனியரின் பேச்சு கிரேக்கத்தின் கிளை அல்லது அதற்கு மிக நெருங்கியது என்பதே இன்று பெரும்பாலான அறிஞர்களின் கருத்து.

அதற்காக வடக்கு மாசிடோனியாவுக்கும் அந்தக் காலத்துக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பிட்டோலா நகரை ஒட்டிய ஹெராக்ளியா நகரத்தை நிறுவியது இரண்டாம் பிலிப்தான். ஸ்டோபி, பையோனியர் என்ற பழங்குடியின் நிலத்தில் எழுந்த நகரம். ஸ்லாவியர் வந்தபோது அங்கே வாழ்ந்தவர்கள் காற்றில் கரைந்துவிடவில்லை. கலந்தார்கள், மொழி மாறினார்கள். பால்கனில் யாருடைய இரத்தமும் ஒற்றை ஊற்றிலிருந்து வந்ததல்ல.

2008க்குப் பிறகு ஸ்கோப்ஜே அரசு 'நாங்கள் பண்டைய மாசிடோனியரே' என்று நிறுவப் புறப்பட்டது. 2011இல் நகர நடுவே குதிரைமேல் அமர்ந்த பிரம்மாண்ட வீரனின் சிலை எழுந்தது. அரசு அதற்கு அலெக்சாண்டர் என்று பெயரிடவில்லை. பார்க்கிறவர் எவருக்கும் அது அலெக்சாண்டர்தான். சுற்றிலும் தூண்களும் சிலைகளுமாகக் குவிந்தன. அந்த மக்கள்மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. அதனாலேயே சொல்கிறேன்: அந்தத் திட்டம் அவர்களுக்குத் தீங்குதான் செய்தது. உறுதியான வரலாறு கையில் இருக்கும்போது, பிறர் எளிதில் மறுக்கக்கூடிய ஒன்றை முன்னால் நிறுத்தியது.

அப்படியானால் அவர்களுடைய உறுதியான வரலாறு எங்கே தொடங்குகிறது?

ஸ்லாவியர் பால்கனுக்குள் இறங்கியது 6, 7ஆம் நூற்றாண்டுகளில். 9ஆம் நூற்றாண்டில் தெசலோனிக்கி நகரத்துச் சகோதரர்கள் சிரிலும் மெத்தோடியஸும், தங்கள் ஊரைச் சுற்றியிருந்த ஸ்லாவியரின் பேச்சை அடிப்படையாக வைத்து, சமய நூல்களை மொழிபெயர்த்தார்கள்; அதற்கென்று எழுத்தும் வகுத்தார்கள். அவர்களுடைய மாணவர்கள் கிளெமென்டும் நௌமும் ஓஹ்ரிட் ஏரிக்கரைக்கு வந்து பள்ளி நடத்தினார்கள். ஸ்லாவிய எழுத்துப் பண்பாட்டின் தொட்டில்களில் ஒன்று அந்த ஏரிக்கரை.

இதைப் பல்கேரியரும் தங்கள் வரலாறு என்பார்கள். அதுவும் பொய்யல்ல. அந்நாளில் ஓஹ்ரிட் பல்கேரியப் பேரரசுக்குள் இருந்தது. 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓஹ்ரிடில் தலைநகர் வைத்து ஆண்ட சாமுவேல் மன்னனைப் பற்றியும் இதே வழக்குதான். பைசாந்தியர் அவனைப் பல்கேரியரின் மன்னன் என்றே எழுதினார்கள். 1014இல் பெலாசிட்சா மலையடியில் அவனைத் தோற்கடித்த பேரரசன் பேசில், சிறைப்பட்ட ஆயிரக்கணக்கான வீரர்களின் கண்களைப் பிடுங்கி அனுப்பினான் என்று அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. இன்றைய தேசிய எல்லைகளை அந்த வீரர்கள் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். அவர்களை இரண்டு நாடுகளும் நினைவுகூரலாம். ஒன்றின் உரிமை மற்றதை அழிக்காது.

ஓட்டோமான் ஆட்சியில் இந்த மக்கள் தங்களை என்ன சொல்லிக்கொண்டார்கள்?

14ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1912 வரை, ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓட்டோமான் ஆட்சி. அந்த அரசு குடிகளைச் சமயத்தால் பிரித்ததே தவிர மொழியால் அல்ல. கிராமத்து உழவனிடம் கேட்டால் 'கிறிஸ்தவன்' என்றோ ஊர்ப்பெயரையோ சொல்லியிருப்பான். 1767இல் ஓஹ்ரிட் பேராயம் கலைக்கப்பட்ட பிறகு, கோயிலும் பள்ளியும் கிரேக்கத் தலைமையின் கீழ் வந்தன. 1870இல் பல்கேரியத் தனித் திருச்சபை பிறந்ததும், எந்த ஊர்க் கோயில் எந்தச் சபைக்கு என்ற போட்டி மூண்டது. செர்பியாவும் அதில் இறங்கியது. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு சபையின் பள்ளிக்கும் தம்பி இன்னொன்றுக்கும் போன கதைகள் உண்டு.

படித்தவர்களில் பலர் தங்களைப் பல்கேரியர் என்றே எழுதிக்கொண்டார்கள். இதை மறைப்பதில் பயனில்லை. ஸ்ட்ருகா ஊரின் மிலாதினோவ் சகோதரர்கள் திரட்டிய நாட்டுப்புறப் பாடல்கள் 1861இல் சாக்ரெபில் வெளியானபோது நூலின் தலைப்பு 'பல்கேரிய நாட்டுப்பாடல்கள்' என்பதுதான். சகோதரர்கள் மறு ஆண்டே இஸ்தான்புல் சிறையில் இறந்தார்கள். இன்று இரண்டு நாடுகளும் அவர்களைத் தம் முன்னோடிகளாகப் போற்றுகின்றன.

ஆகஸ்ட் 2ஆம் தேதிக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?

1903இல் அந்த நாளில், புனித எலியாசின் திருநாளில், ஓட்டோமான் ஆட்சிக்கு எதிராக எழுச்சி வெடித்தது. திருநாளின் பெயராலேயே அது இலிண்டன் எழுச்சி. நடத்தியது 1893இல் தெசலோனிக்கியில் தோன்றிய புரட்சி இயக்கம். அதன் தலைசிறந்த தலைவர் கோத்சே டெல்சேவ் மூன்று மாதங்களுக்கு முன்பே, மே 4 அன்று, பானிட்சா கிராமத்தில் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார்.

மலைமேல் இருக்கும் க்ருஷெவோ ஊரைப் புரட்சியாளர்கள் கைப்பற்றிக் குடியரசு அறிவித்தார்கள். தலைவர் நிகோலா காரெவ், பள்ளி ஆசிரியர். ஊரின் ஸ்லாவியர், லத்தீன்வழி மொழி பேசும் விலாக்கியர், கிரேக்கச் சபையைச் சேர்ந்தவர் எல்லோருக்கும் ஆட்சி மன்றத்தில் இடம் இருந்தது. முஸ்லிம் அண்டை ஊரார்மீது எங்களுக்குப் பகையில்லை, கொடுங்கோன்மையை எதிர்த்தே ஆயுதம் எடுத்தோம் என்ற பொருளில் ஓர் அறிக்கையும் அந்தக் குடியரசின் பெயரால் போற்றப்படுகிறது. பத்து நாள்தான் அது நின்றது. ஓட்டோமான் படை பீரங்கிகளோடு திரும்பி வந்தது. மெச்கின் கமென் என்ற பாறைச்சரிவில் விலாக்கியத் தலைவர் பிட்டு குலியும் தோழர்களும் கடைசிவரை நின்று மடிந்தார்கள்.

இன்று க்ருஷெவோவில் அதற்கு நினைவிடம் இருக்கிறது. 1974இல் திறந்தது. வெள்ளை உருண்டையிலிருந்து நாற்புறமும் குழாய்கள் துருத்திக்கொண்டிருப்பதுபோன்ற விசித்திரக் கட்டடம். உள்ளே வண்ணக் கண்ணாடி வழியாக விழும் ஒளியில் காரெவின் கல்லறை. பத்து நாள் குடியரசு ஒன்றுக்கு இவ்வளவு பெரிய இடமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே ஊரில் வெவ்வேறு மொழி பேசுகிறவர்கள் சேர்ந்து ஆள முடியும் என்று காட்டியது அந்தப் பத்து நாள்தான். அதனால் அந்த இடம் தகும்.

'நாங்கள் தனி இனம்' என்று முதலில் எழுதியவர் யார்?

தெளிவாகவும் முழு வாதமாகவும் எழுதியவர் கிர்ஸ்தே மிசிர்கோவ். எழுச்சி நசுங்கிய அதே 1903இல், சோஃபியா நகரில், 'மாசிடோனிய விவகாரங்கள்' என்ற சிறு நூலை வெளியிட்டார். பல்கேரியா, செர்பியா, கிரேக்கம் மூன்றின் பிரச்சாரத்திலிருந்தும் விலக வேண்டும், வர்தார் நடுநாட்டு வழக்கை அடிப்படையாகக் கொண்டு எழுத்து மொழி அமைக்க வேண்டும் என்றார். சொன்னதோடு நிற்காமல் நூலையே அந்த வழக்கில் எழுதினார். பின்னாளில் அவரும் சில காலம் பல்கேரியச் சார்பாக எழுதினார். அவருக்குள்ளும் ஊசலாட்டம் இருந்தது. ஆனாலும் அந்த நூல் நாற்பதாண்டு முந்திவிட்டது.

1913ஐ ஏன் பேரிழப்பாகப் பேசுகிறார்கள்?

1912இல் பால்கன் நாடுகள் கூடி ஓட்டோமான்களை விரட்டின. மறு ஆண்டே கொள்ளையைப் பங்கிடுவதில் தமக்குள் மோதின. 1913 ஆகஸ்ட் 10 அன்று புக்கரெஸ்ட் ஒப்பந்தம் மாசிடோனியாவைக் கூறு போட்டது. அந்த மண்ணின் மக்களைக் கேட்டவர் எவருமில்லை. டெல்சேவ் பிறந்த குகுஷ் ஊரை அந்தக் கோடையில் கிரேக்கப் படை எரித்தது. தப்பியவர்கள் பல்கேரியாவுக்கு ஓடினார்கள். அந்த ஊர் இன்று கில்கிஸ்.

ஒரு குடும்பப் பெயரை வைத்துப் பார்த்தால் அந்தக் காலம் முழுதும் விளங்கும். ஸ்டோயன் என்ற பாட்டனின் பேரன் பல்கேரியப் பள்ளிப் பதிவேட்டில் ஸ்டோயனோவ். செர்பிய ஆட்சி வந்ததும் ஸ்டோயனோவிச். 1944க்குப் பிறகு ஸ்டோயனோவ்ஸ்கி. எல்லைக்குத் தெற்கே தங்கிவிட்ட பங்காளிக்குக் கிரேக்க முடிபுடன் வேறொரு பெயர். வயலும் கிணறும் இருந்த இடத்திலேயே இருந்தன. எழுத்தர் மாறும்போதெல்லாம் மனிதன் மாறினான்.

செர்பிய ஆட்சியில் வர்தார் பகுதி 'தென் செர்பியா' ஆனது. கிரேக்கத்தில் 1926இலிருந்து ஊர்ப் பெயர்கள் கூட்டம் கூட்டமாக மாற்றப்பட்டன. ஏதென்ஸ் அரசு 1925இல் இந்த மக்களின் பேச்சில் ஓர் அரிச்சுவடியை அச்சிட்டது. பள்ளியில் அது ஒருநாளும் பாடமாகவில்லை. 1936இல் மெட்டாக்சாஸ் சர்வாதிகாரம் வந்தபின் பொதுவிடத்தில் அந்த மொழியைப் பேசினாலே அபராதம். விளக்கெண்ணெய் குடிக்கவைத்தார்கள் என்று அந்தத் தலைமுறை முதியவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள்.

இந்த இனத்தை டிட்டோ உருவாக்கினார் என்பது உண்மையா?

இல்லை. யூகோஸ்லாவியாவின் கம்யூனிஸ்ட் தலைவர் டிட்டோ அதற்கு அரசு அங்கீகாரம் கொடுத்தார். வரிசையைப் பாருங்கள்: 1902இல் பீட்டர்ஸ்பர்கில் மாசிடோனிய மாணவர் சங்கம், 1903இல் மிசிர்கோவின் நூல், 1934இல் மாசிடோனிய இனத்தை ஏற்ற கம்யூனிஸ்ட் அகிலத்தின் தீர்மானம், 1939இல் கோச்சோ ராட்சின் அந்த மொழியிலேயே வெளியிட்ட கவிதைத் தொகுப்பு. புகையிலைத் தொழிலாளர் துயரைப் பாடிய அந்தக் கவிதைகளைக் கட்சிக் கட்டளை எழுதவைக்கவில்லை. 1941 அக்டோபர் 11 அன்று பிரிலெபில், இரண்டாம் உலகப் போர்க்காலப் பல்கேரிய ஆக்கிரமிப்புக்கு எதிராகத் துப்பாக்கி எடுத்தவர்களும் அப்படித்தான். 1944 ஆகஸ்ட் 2 அன்று, இலிண்டன் நாளிலேயே, புரோஹோர் ப்சின்ஸ்கி மடாலயத்தில் விடுதலை மன்றம் கூடி மாசிடோனியக் குடியரசை அறிவித்தது.

புதிய அரசின் கைகளில் கறையும் இருந்தது. பல்கேரியர் என்று சொல்லிக்கொண்டவர்களைச் சிறையில் அடைத்தது. மன்றத்தின் முதல் தலைவர் மெத்தோதியா சென்தோவையே, யூகோஸ்லாவியாவிலிருந்து விலகிய சுதந்திரம் வேண்டினார் என்று 1946இல் தண்டித்தது. ஒரு தேசிய உணர்வை அரசு ஊட்டி வளர்த்தது, மாற்றுக் குரலை நெரித்தது என்பது உண்மை. ஐரோப்பாவில் எந்தத் தேசம் பள்ளிக்கூடமும் படையும் இல்லாமல் உருவானது? பிரெஞ்சுக்காரரிடமோ இத்தாலியரிடமோ கேட்காத கேள்வியை இவர்களிடம் மட்டும் கேட்பது நியாயமல்ல.

அவர்கள் மொழி பல்கேரிய மொழியின் வட்டார வழக்குதானே?

இரண்டும் மிக நெருங்கியவை. ஒருவர் பேசுவது மற்றவருக்குப் பெரும்பாலும் புரியும். எல்லையில் வழக்குகள் ஒன்றோடொன்று கரைகின்றன. ஆனால் மாசிடோனிய எழுத்து மொழி வேறு வழக்குகளின்மேல் கட்டப்பட்டது. 1945 மே மாதம் எழுத்துகளும் ஜூன் மாதம் எழுத்திலக்கணமும் முடிவாயின. மொழியறிஞரும் கவிஞருமான பிளாஷே கோனெஸ்கி அதன் இலக்கணத்தை எழுதினார்.

ஒரு வேறுபாடு தமிழருக்கு உடனே பிடிபடும். 'க்னிகாவா' என்றால் என்னருகே இருக்கும் புத்தகம்; 'க்னிகானா' என்றால் அதோ தொலைவில் இருப்பது; 'க்னிகாதா' என்றால் பொதுவாகக் குறிப்பிட்ட அந்தப் புத்தகம். இந்த, உந்த, அந்த என்ற மூன்றையும் ஈழத்துப் பேச்சில் கேட்டவர்களுக்கு இத்தகைய மூவகைப் பகுப்பு புதிதல்ல. பல்கேரிய எழுத்து மொழியில் இந்த மூன்று நிலை கிடையாது. மாசிடோனியத்தில் நீண்ட சொற்களின் அழுத்தம் கடைசியிலிருந்து மூன்றாம் அசையில் விழும். பல்கேரியத்தில் அப்படி ஒரு விதி இல்லை. 1977இல் ஏதென்ஸிலேயே நடந்த ஐ.நா. மாநாடு மாசிடோனிய மொழியை அந்தப் பெயரால் ஏற்றது.

கிரேக்க உள்நாட்டுப் போரில் வெளியேறிய குழந்தைகள் யார்?

1948 வசந்தத்தில், குண்டு விழுந்துகொண்டிருந்த வடகிரேக்க மலைக் கிராமங்களிலிருந்து கம்யூனிஸ்ட் தரப்பு குழந்தைகளை எல்லை தாண்டி அனுப்பியது. மொத்தம் ஏறத்தாழ 28,000 பேர். அவர்களில் மாசிடோனியக் குழந்தைகளும் கிரேக்கக் குழந்தைகளும் இருந்தார்கள். ஊர்ப் பெண் ஒருவரின் பொறுப்பில் ஒரு கூட்டம் குழந்தைகள், இரவில் நடை, பிறகு ரயில்: யூகோஸ்லாவியா, ருமேனியா, செக்கோஸ்லோவாக்கியா, ஹங்கேரி, போலந்து. கிரேக்க அரசு இதைக் கடத்தல் என்றது. அனுப்பியவர்கள் உயிர்காப்பு என்றார்கள். இரண்டுக்கும் சான்றுகள் உண்டு.

அடுத்து நடந்ததில் அந்த ஐயத்துக்கு இடமில்லை. 1982இல் கிரேக்கம் அகதிகள் திரும்பலாம் என்று ஆணையிட்டபோது 'கிரேக்க இனத்தவர்' மட்டும் என்று எழுதியது. ஐந்து வயதில் கைபிடித்து அழைத்துச் செல்லப்பட்ட மாசிடோனியக் குழந்தை, முதுமையில் தாயின் கல்லறைக்கு விளக்கேற்றக்கூடத் தடை. இந்த வரலாறு முழுவதிலும் எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இதுதான்.

பெயருக்காக ஏன் அத்தனை ஆண்டுச் சண்டை?

1991 செப்டம்பர் 8 பொதுவாக்கெடுப்பில் சுதந்திரம் வந்தது. 'மாசிடோனியா' என்ற பெயரைக் கிரேக்கம் எதிர்த்தது. தன் வடமாகாணத்தின் பெயரை அண்டை நாடு சூடினால் நாளை நிலத்தையும் கேட்கும் என்ற அச்சம் அதற்கு இருந்தது. உள்நாட்டுப் போரைக் கண்ட தலைமுறைக்கு அந்த அச்சம் நடிப்பல்ல. அந்த மாகாணத்துக் கிரேக்கரும் தங்களை மாசிடோனியர் என்றே சொல்கிறார்கள். அவர்களில் பலர் 1923 மக்கள் பரிமாற்றத்தில் சின்ன ஆசியாவிலிருந்து அகதிகளாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்.

1993இல் ஐ.நா. அந்த நாட்டை 'முன்னாள் யூகோஸ்லாவிய மாசிடோனியக் குடியரசு' என்ற நீண்ட பெயரில் சேர்த்தது. 1994 பிப்ரவரியில் கிரேக்கம் தெசலோனிக்கித் துறைமுகத்தை மூடி வணிகத் தடை போட்டது. கடலில்லாத நாட்டின் கழுத்து நெரிந்தது. 1995இல் ஸ்கோப்ஜே, வெர்ஜினா அரச கல்லறையில் கிடைத்த சூரியச் சின்னத்தைக் கொடியிலிருந்து நீக்க ஒப்புக்கொண்டது. இன்றைய கொடியில் சிவப்புப் பின்னணியில் எட்டுக் கதிருள்ள மஞ்சள் சூரியன். 2008இல் நேட்டோவில் சேர்வதைக் கிரேக்கம் தடுத்தது. அது ஒப்பந்த மீறல் என்று சர்வதேச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தும் பயனில்லை.

2018 ஜூன் 17 அன்று பிரெஸ்பா ஏரிக்கரையில் இருநாட்டு அரசுகளும் உடன்பாடு கண்டன. நாட்டின் பெயரில் 'வடக்கு' சேர்ந்தது. மொழியின் பெயர் மாசிடோனியம் என்றே நிலைத்தது. அந்தப் பெயர் இரு தரப்பிலும் வெவ்வேறு வரலாற்றையும் பண்பாட்டையும் குறிக்கிறது என்பதை இருவரும் எழுத்தில் ஏற்றார்கள். உடன்பாட்டின் உயிர்நாடி அந்த ஏழாம் விதி. 2020 மார்ச்சில் நாடு நேட்டோவில் சேர்ந்தது.

ஆனால் உள்நாட்டில் உடன்பாட்டுக்கு வரவேற்பு இல்லை. அதுபற்றிய பொதுவாக்கெடுப்பில் வாக்களித்தவர் 37 விழுக்காடு மட்டுமே. 2024இல் புதிய அதிபர் பதவியேற்பின்போது நாட்டை வெறும் 'மாசிடோனியா' என்றார். கிரேக்கத் தூதர் எழுந்து வெளியேறினார்.

பல்கேரியா இப்போது என்ன கேட்கிறது?

1992 ஜனவரியில் இந்த நாட்டை முதலில் அங்கீகரித்தது பல்கேரியாதான். அரசை ஏற்றது, இனத்தையும் மொழியையும் ஏற்கவில்லை. 2020 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியப் பேச்சுவார்த்தைக்குத் தடை போட்டது. இப்போதைய நிபந்தனை, அரசியல் சட்டத்தில் பல்கேரியரையும் ஒரு சமூகமாகச் சேர்க்க வேண்டும் என்பது. அது தனியாகப் பார்த்தால் ஏற்கத்தக்கதே. ஆனால் அதன் பின்னால் 'உங்கள் மொழி எங்கள் மொழி' என்ற குரல் கேட்கும்வரை ஸ்கோப்ஜே தயங்குவது இயல்பு. பல்கேரியாவில் 1956 கணக்கெடுப்பில் மாசிடோனியர் என்று பதிந்தவர்கள் 1,87,000க்கும் மேல், பெரும்பாலோர் பிரின் பகுதியில். 1965இல் பத்தாயிரத்துக்கும் கீழ். மக்கள் எங்கும் போய்விடவில்லை. முதலில் அரசு ஊக்குவித்தது, பிறகு அதே அரசு மறுத்தது. அங்கே இயங்கிய மாசிடோனியர் அமைப்பைத் தடை செய்தது தவறென்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2005இல் சொன்னது.

நாட்டில் வாழும் எல்லோரும் இனத்தால் மாசிடோனியரா?

இல்லை. 2021 கணக்கெடுப்பின்படி 18.37 லட்சம் மக்களில் மாசிடோனியர் 58 விழுக்காடு, அல்பேனியர் 24 விழுக்காடு. துருக்கியர், ரோமா, செர்பியர், போஸ்னியர், விலாக்கியர் என்று மற்றவர்கள். 2001இல் அல்பேனியக் கிளர்ச்சியாளருக்கும் அரசுக்கும் மூண்ட மோதல் அந்த ஆகஸ்டில் ஓஹ்ரிட் உடன்பாட்டில் முடிந்து, அல்பேனிய மொழிக்கு உரிமை கிடைத்தது. தாங்கள் பட்ட மறுப்பை அல்பேனியருக்குச் செய்யாதிருக்க மாசிடோனியர் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

1910இல் ஸ்கோப்ஜேயில் ஓர் அல்பேனியக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண் பின்னாளில் கொல்கத்தாவின் அன்னை தெரசா ஆனார். நகரின் பழைய ரயில் நிலையச் சுவரில் கடிகாரம் இன்றும் 5.17 காட்டுகிறது. 1963 ஜூலை 26 அதிகாலை நிலநடுக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்த நேரம் அது.

திருச்சபையின் நிலை என்ன?

1967இல் மாசிடோனியத் திருச்சபை செர்பியத் திருச்சபையிலிருந்து தன்னைத் தனியாக அறிவித்துக்கொண்டது. வேறெந்த மரபுவழிச் சபையும் ஏற்கவில்லை. 55 ஆண்டுகளுக்குப் பிறகு, 2022 மே மாதம், கான்ஸ்டான்டினோப்பிள் முதன்மைப் பேராயமும் செர்பியத் திருச்சபையும் கதவைத் திறந்தன.

எழுதும்போது எந்தப் பெயரைப் பயன்படுத்துவது?

அரசைக் குறித்தால் வடக்கு மாசிடோனியா. மக்களையும் மொழியையும் குறித்தால் மாசிடோனியர், மாசிடோனிய மொழி. 'வடக்கு மாசிடோனியர்' என்று எழுதுவது பிரெஸ்பா உடன்பாட்டின்படியும் சரியல்ல. அவர்களுக்கும் அது புண்படுத்தும் பெயர். தெசலோனிக்கியில் வாழும் கிரேக்கரைக் குறித்தால் கிரேக்க மாசிடோனியர் என்று எழுதுங்கள், குழப்பம் வராது. வடகிரேக்கத்து ஃப்ளோரினாவின் கிராமத்தில் இன்றும் பாட்டியின் ஸ்லாவிய மொழி பேசுகிறவர்களில் சிலர் தங்களைக் கிரேக்கர் என்பார்கள், சிலர் மாசிடோனியர் என்பார்கள், சிலர் 'உள்ளூர்க்காரர்' என்று மட்டும் சொல்வார்கள். அவர் எதைச் சொல்கிறாரோ அதையே எழுதுங்கள்.